மலேரியா, ரத்த அழுத்தம், மரபணு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மலேரியாவின் மரபியலும் உயர் ரத்த அழுத்தத்தின் மரபியலும் என் ஆய்வுத் துறைகள். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், கொசுவால் வரும் காய்ச்சலுக்கும் பிபிக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் ஏன் சேர்த்து ஆராய்கிறீர்கள்?

மனித மரபணுக்களில் மலேரியா அளவுக்குத் தடம் பதித்த நோய் வேறு இல்லை என்றே சொல்வேன். பல்லாயிரம் ஆண்டுகளாகக் குழந்தைகளைக் கொன்று வந்த நோய் அது. தப்பிப் பிழைத்தவர்களின் மரபணுக்கள்தான் அடுத்த தலைமுறைக்குப் போயின. அவற்றில் சில, முதுமையில் வேறு உறுப்புகளைப் பாதிக்கின்றனவா என்பதுதான் எனக்குள் ஓடும் கேள்வி.

அரிவாள் செல் மரபணு மலேரியாவைத் தடுக்கும் என்பது உண்மையா?

ஒரு பிரதி மட்டும் இருந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பு கிடைக்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் வந்தால் அரிவாள் செல் நோய், அதாவது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் ரத்த நோய். ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம், குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்திருக்கும், அவ்வளவுதான். 1949-ல் மரபியலாளர் ஹால்டேன், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு, மலேரியா உள்ள இடங்களில் நிலைத்திருப்பதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கலாம் என்றார். 1954-ல் ஆந்தனி ஆலிசன் என்ற ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்காவில் அரிவாள் செல்லை வைத்து அதைக் காட்டினார். ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு வளைந்துவிடும், மண்ணீரல் அதைப் பிடித்து அகற்றிவிடும். தவிர, அந்த அணு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் திறனும் குறைகிறது. மூளை மலேரியாவில் உயிருக்கு ஆபத்து வருவது அந்த ஒட்டுதலால்தான் என்பதால், இந்த இரண்டாவது விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

அப்படியானால் பிபி மரபணுவும் மலேரியா தந்ததா?

அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆர்வத்தைத் தூண்டும் தடயங்கள் உண்டு. கானாவில் கடுமையான மலேரியா வந்த குழந்தைகளிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில் ஏ.டி.பி.2.பி.4 என்ற மரபணு தட்டுப்பட்டது. சிவப்பணுவிலிருந்து கால்சியத்தை வெளியே தள்ளும் பம்பை உருவாக்குவது அது. அதன் உடன்பிறப்பு மாதிரியான ஏ.டி.பி.2.பி.1, பல மக்கள் கூட்டங்களில் ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ளதாகத் தெரிய வந்த மரபணு. இன்னொன்று ஆஞ்சியோடென்சின். ரத்தக்குழாயைச் சுருக்கி அழுத்தத்தைக் கூட்டும் அந்தப் பொருள், ஆய்வகத்தில் மலேரியா ஒட்டுண்ணியின் வளர்ச்சியையும் பாதிக்கிறது. ஒடிசாவில் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், அதை அதிகம் சுரக்க வைக்கும் மரபணு வகைக்கும் மூளை மலேரியாவிலிருந்து பாதுகாப்புக்கும் தொடர்பு தெரிந்தது. சின்ன ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் விட்டுவிடவும் எனக்கு மனமில்லை.

அப்பா, அம்மா இருவருக்கும் பிபி. நான் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளட்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை அலசிய ஆய்வு 2018-ல் வந்தபோது, அழுத்தத்தோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 900-ஐத் தாண்டின. ஒவ்வொன்றும் கூட்டுவது பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கும் குறைவு. பணத்தை அங்கே போடுவதைவிட, உப்பைக் குறைத்து, வருடத்துக்கு ஒரு முறையாவது அழுத்தத்தைப் பாருங்கள்.

20 வயதில் என் தம்பிக்கு பிபி. பொட்டாசியமும் குறைவு என்கிறார்கள்.

இவருக்கு மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம். மருத்துவரிடம் லிடில் நோய்க்குறி பற்றிக் கேளுங்கள். அதில் சிறுநீரகத்தின் சோடியம் வழி மூடாமல் திறந்தே கிடக்கும். அமிலோரைடு என்ற மாத்திரைக்குக் கட்டுப்படும், ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரைக்குக் கட்டுப்படாது. சரியாகக் கண்டுபிடித்தால் மாத்திரையே மாறிவிடும். இதே அறிகுறிகள் அட்ரினல் சுரப்பிக் கோளாறிலும் வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரைமாக்வின் என்ற மலேரியா மருந்து எடுக்கும் முன் ரத்தப் பரிசோதனை கேட்டார்கள். எதற்கு?

சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க. இதுவும் மலேரியா விட்டுச் சென்ற மரபணு மாற்றம்தான். அந்தக் குறைபாடு உள்ளவருக்கு பிரைமாக்வின் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரலாம். தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

பிபி மாத்திரை சாப்பிடும்போது மலேரியா வந்தால்?

மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். காய்ச்சலிலும் வாந்தியிலும் நீர் இழந்தால் அழுத்தம் தானே இறங்கும், அதன்மேல் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து. மருத்துவரிடம் மாத்திரை அட்டையையே காட்டுங்கள். சில மலேரியா மருந்துகள் இதயத் துடிப்பையும் பாதிக்கும் என்பதால் நீங்கள் சாப்பிடும் மாத்திரை எது என்று அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.