குட்டி ரோலைஃபிளெக்ஸ்: ஃபிலிமா, டிஜிட்டலா?

கேள்வி: என் அப்பா தஞ்சாவூரில் முப்பது வருடம் ஸ்டுடியோ நடத்தியவர். கல்யாண ஆர்டர்களை ரோலைஃபிளெக்ஸில்தான் எடுப்பார். அவருடைய 70-வது பிறந்தநாளுக்கு அந்தக் கேமராவின் உள்ளங்கை அளவு மாதிரியைப் பரிசளிக்க ஆசை. வெளிநாட்டுத் தளம் ஒன்றில் பழைய பொருளாக இரண்டு பார்த்தேன். இரண்டிலும் 'வேலை செய்யும்' என்றே போட்டிருக்கிறது. விலை மட்டும் வேறு. எதை வாங்கலாம்?

பதில்: முதலில் விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உள்ளே ஃபிலிமா, டிஜிட்டலா? வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும்.

ஃபிலிம் வகை, ஜப்பானில் ஷாரன் என்ற பெயரில் வந்தது. அசலில் மூன்றில் ஒரு பங்கு அளவு. இதற்கு மினாக்ஸ் கேசட்தான் (மினாக்ஸ் என்ற குட்டிக் கேமராவுக்கான சின்ன ஃபிலிம் டப்பா) வேண்டும். படம் 8x11 மி.மீ., அதாவது 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு பிரேமில் பத்தில் ஒரு பங்கு. அந்த ஃபிலிம் நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. சிலர் 35 மி.மீ. ஃபிலிமை இருட்டில் மெல்லிய நாடாவாக வெட்டி, காலி கேசட்டில் தாங்களே சுற்றிக்கொள்கிறார்கள். கழுவுவதும் தனிப்பாடு. இந்த வகையில் குட்டி லைகா கேமரா ஒன்றை நான் வாங்கினேன். லென்ஸ் பளிச்சென்று இருந்தது, ஷட்டரும் 'டிக்' என்றது. ஆனால் கேசட் வரவில்லை. விற்றவர் அதைச் சொல்லவும் இல்லை. அது தேடிக் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. ஆகவே காலி கேசட் ஒன்றாவது சேர்ந்து வந்தால் மட்டும் வாங்குங்கள். பின்மூடியைத் திறந்து, ஜன்னல் பக்கம் பிடித்து ஷட்டரை அழுத்தி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே வெளிச்சம் ஒரு கணம் மின்னுவது தெரிய வேண்டும்.

டிஜிட்டல் வகை, 2004-ல் வந்த ரோலைஃபிளெக்ஸ் மினிடிஜி. உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது இதைத்தான். அசலைப் போலவே இடுப்பருகே பிடித்து, மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடிக்குப் பதில் சின்னத் திரை. படம் சதுரம். ஒரு படம் எடுத்ததும் பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றினால்தான் அடுத்தது எடுக்க வரும். 120 என்ற அகல ஃபிலிம் ரோலில் பன்னிரண்டு படத்துக்கும் அந்தக் கைப்பிடியைச் சுற்றிப் பழகிய விரல் அவருடையது, அதற்காகவே வாங்கலாம். படத் தரத்தில் இன்றைய போன் பக்கத்தில்கூட வராது, அதை முன்பே சொல்லிவிடுங்கள். மெமரி கார்டும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். இன்றைய பெரிய கொள்ளளவு கார்டுகளைப் பழைய கருவிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

2025-ல் வந்த கோடக் சார்மேரா சாவிக்கொத்துக் கேமரா விலை குறைவுதான். ஆனால் அது 1987-ல் வந்த, ஒருமுறை எடுத்துவிட்டுக் கொடுத்துவிடும் ஃபிளிங் கேமராவின் சாயல். அப்பாவின் ஸ்டுடியோ நினைவு அதில் இல்லை.

அப்புறம் செலவு. சுங்க வரியும் ஜிஎஸ்டியும் தனியாக வரும். 'பரிசு' என்று எழுதி அனுப்பச் சொன்னாலும் தப்பாது. வெளிநாட்டில் இருக்கும் தனிநபர் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்து பலன் பெறுவது கடினம். தளமே பணத்தைத் திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள். அதற்கும் நாள் கணக்கு உண்டு. பார்சல் வந்த அன்றே பிரித்து, பிரிப்பதை வீடியோ எடுத்து, பத்துப் படமாவது எடுத்துப் பாருங்கள். பிறந்தநாளுக்கு மறுபடி கட்டிக்கொள்ளலாம்.