நோய்ப் பேரிடரில் அரசின் விளக்கத்தைவிட வாட்ஸ்அப் செய்தி ஏன் எளிதில் நம்பப்படுகிறது?

அனுப்பியவர் உறவினராகவோ பழைய வகுப்புத் தோழராகவோ இருப்பதால், அவர் மீதுள்ள நம்பிக்கை செய்திக்கும் கிடைத்துவிடுகிறது. முதலில் எழுதியவர் யார் என்ற கேள்வியே எழுவதில்லை. இரண்டாவது காரணம், அரசின் முறையான ஆய்வு முடிவு வருவதில் ஏற்படும் காலதாமதம்.

2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக், மறுநாள் மாரடைப்பால் மயங்கி, 17ஆம் தேதி காலமானார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்ததென்றும் தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்றும் மருத்துவர்களும் சுகாதாரத் துறையும் அப்போதே விளக்கினார்கள். ஆனால், ஊசி போட்ட மறுநாளே விழுந்தார் என்ற வரிசை எந்த விளக்கத்தையும்விட ஆழமாக மனத்தில் பதிந்தது. தயங்கியவர்களுக்கு ஊக்கம் தரவே அவர் பொதுவெளியில் ஊசி போட்டுக்கொண்டார் என்பது கூடுதல் வேதனை. மத்திய அரசின் குழு முறைப்படி ஆராய்ந்து தொடர்பில்லை என்று அறிவித்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் இரண்டாம் அலையே ஓய்ந்திருந்தது.

பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் விதித்த வரம்பு, பரவும் வேகத்தைத்தான் குறைக்கும். அச்சத்தோடு கேட்பவருக்கு அன்றைக்கே, அவருக்குத் தெரிந்த கிராமச் செவிலியரோ குடும்ப மருத்துவரோ நேரில் பதில் சொல்வதே அதிகம் பயன்படும் என்பது என் கணிப்பு.