வகுப்பில் கை தூக்கியவர்கள்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். "மேலாளர் சொன்னால் போலி பில்லில் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று வகுப்பில் கேட்டேன். பெரும்பாலானவர்கள் தயங்காமல் கை தூக்கினார்கள். "நான் போடாவிட்டால் இன்னொருத்தர் போடுவார் மேடம், வேலை போவது எனக்குத்தான்" என்றான் ஒருவன். தொழில் அறம் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான் எல்லாரும். இவர்களுக்கு வெட்கமே விட்டுப்போய்விட்டதா?

வாசகி ஒருவர்

அன்புள்ள பேராசிரியருக்கு,

வெட்கம் விட்டவர்கள் கை தூக்கியிருக்க மாட்டார்கள், "போடவே மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். தேர்வில் எழுதியது உங்களுக்குப் பிடித்த பதில், வகுப்பில் சொன்னது அவர்களுடைய பதில். அதைச் சொல்லுமளவுக்கு உங்களை நம்புகிறார்கள், எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் பதில் தவறு, விட்டுவிடாதீர்கள். லாபம்தான் கம்பெனியின் கடமை என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனே சொன்னாரே என்று அடுத்து யாராவது கேட்பார்கள். பாதியைத்தான் சொல்வார்கள். 1970ல் அவர் எழுதிய அந்தக் கட்டுரையே ஏமாற்றுதலும் மோசடியும் கூடாது என்ற நிபந்தனையோடுதான் முடிகிறது.

அப்புறம், பாடத்தில் நாம் காட்டுவதெல்லாம் பெரிய முதலாளிகளின் மோசடி, பிள்ளைகளுக்கு அது யாருடைய கதையோ. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைக் காட்டுங்கள். ஒரு வாடிக்கையாளர் தலையில் கணக்கு, கார்டு என்று எட்டு கட்ட வேண்டும் என்று மேலிருந்து டார்கெட், அது முடியாதபோது கிளை ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்கு திறந்தார்கள். 2016ல் விஷயம் பெரிதாக வெடித்தபோது, முந்தைய ஐந்து ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை வங்கி வீட்டுக்கு அனுப்பியிருந்தது தெரிந்தது, பெரும்பாலும் கீழ்மட்டத்தில் இருந்தவர்கள். சொன்னதைச் செய்தால் வேலை நிலைக்கும் என்ற கணக்கு அங்கே பலிக்கவில்லை. புகார் சொன்னவர்களிலும் சிலருக்கு வேலை போனது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கல்விக்கடன் கழுத்தை நெரிக்கும் பிள்ளையிடம் "நேர்மையாக இரு" என்று மட்டும் சொல்லி அனுப்புவது கொடுமை. ஒருவரை மேலாளராக உட்காரவைத்து இன்னொருவரைப் பேசவையுங்கள். "சரக்கு வந்ததற்கு ஆதாரம் இல்லாமல் பாஸ் பண்ண முடியாது சார், ஆடிட்டில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்." முதல் தடவை நாக்கு புரளாது, மறுபடி சொல்லவையுங்கள். மேலாளர் கத்தினால் அடுத்து யாரிடம் போவது, எதை எழுதி வைத்துக்கொள்வது, வேலையே போனால் கையிலிருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் அந்த வகுப்பிலேயே பேசிவிடுங்கள்.