சிங்கிள் மால்ட் கேள்வி பதில்: எனக்குப் பிடித்தவை, உங்களுக்கு ஒத்துவரக்கூடியவை

ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட் விஸ்கி பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ருசி விஷயத்தில் நான் நடுநிலையாளன் இல்லை. ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு ஒயின்) பீப்பாய் ரசிகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: அண்ணா, இதுவரை பிளாக் லேபிள் மட்டும்தான் குடித்திருக்கிறேன். சிங்கிள் மால்ட்டில் எதிலிருந்து ஆரம்பிப்பது?

பிளாக் லேபிளை யாராவது மட்டம் தட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் தம்பி. பல டிஸ்டிலரிகளின் (விஸ்கி வடிக்கும் ஆலைகள்) மால்ட்டும், மற்ற தானியங்களில் செய்யும் கிரெய்ன் விஸ்கியும் கலந்த பிளெண்ட் அது. கலந்த எல்லாமே குறைந்தது 12 வருடம் பீப்பாயில் கிடந்தவை. அடுத்த முறை சோடா ஊற்றாமல் ஒரு வாய் குடித்து, விழுங்கிய பிறகு நாக்கில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். கடைசியில் வரும் லேசான புகை பிடித்திருந்தால் கோல் ஈலா 12 வாங்குங்கள் (பெயருக்குப் பின்னால் வரும் எண் விஸ்கியின் வயது). ஐலா தீவில் இருக்கும் அந்த டிஸ்டிலரியின் மால்ட் பிளாக் லேபிளுக்குள்ளும் போகிறது. முதலில் வரும் தேன், வனிலா இனிப்புதான் பிடித்தது என்றால் ஸ்பே ஆற்றுப் பக்கம் போங்கள்: கிளென்லிவெட் 12, பால்வெனி 12 டபுள்வுட். இரண்டுமே பிடித்திருந்தால் ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10. புகை, இனிப்பு, உப்பு, கடைசியில் மிளகுக் காரம் எல்லாம் அதில் இருக்கிறது.

கேள்வி: சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாயில் இருந்து எடுத்ததா?

இல்லை. ஒரே டிஸ்டிலரியில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது. செம்புப் பானையில் வடித்து, ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் வைத்து, 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹாலோடு அடைக்க வேண்டும். பல பீப்பாய்களைக் கலக்கலாம். லேபிளில் இருக்கும் வயது, கலந்ததில் ஆக இளையதன் வயது.

கேள்வி: ஆசையாக லஃப்ராய்க் 10 வாங்கினேன். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி நாறுகிறது. போலியா?

போலி இல்லை, உங்கள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. அந்த நெடி பீட் புகையில் இருந்து வருவது. பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடங்களாக மக்கிப் படிந்த செடிகொடி. அதை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் முளைத்த பார்லியை உலர்த்துகிறார்கள். அப்போது பினாலும் கிரெசாலும் பார்லியில் ஏறிக்கொள்கின்றன. பினாலின் பழைய பெயர் கார்பாலிக் அமிலம். முன்பு ஆஸ்பத்திரித் தரை துடைத்த லைசாலில் இருந்தது கிரெசால். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் லஃப்ராய்க் மருந்து என்ற பெயரில் உள்ளே போனதற்கும் இந்த நெடிதான் துணை.

இதில் பலர் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். ஐலா தீவின் ஆர்ட்பெக்குக்கு 55, லகவூலினுக்கு 35 பிபிஎம் என்று சொல்வது பார்லியில் ஏறிய பினாலின் அளவு, கிளாஸில் இருப்பதன் அளவு இல்லை. லகவூலினுக்கும் கோல் ஈலாவுக்கும் பார்லியை முளைக்கவைத்துத் தரும் போர்ட் எலன் மால்ட்டிங்ஸ் ஆலையில் இருந்து ஏறக்குறைய ஒரே மாதிரி பார்லிதான் போகிறது. ஆனாலும் லகவூலின் கனமாக, எண்ணெய்ப் பசையோடு வருகிறது. கோல் ஈலா எலுமிச்சைத் தோல் வாசனையோடு லேசாக வருகிறது. பானையின் வடிவம், ஆவி செம்பில் எவ்வளவு நேரம் உரசுகிறது, வடிப்பை எந்தக் கட்டத்தில் நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது.

பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் நண்பருக்குக் கொடுங்கள். பீட் பிடித்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை.

கேள்வி: 18 வருடம் 12-ஐ விட நிச்சயம் நன்றாக இருக்கும், இல்லையா சார்?

விலை நிச்சயம் அதிகமாக இருக்கும். ருசி பீப்பாயைப் பொறுத்தது. நாலைந்து முறை பயன்படுத்தித் தேய்ந்த பீப்பாயில் 18 வருடம் சும்மா கிடப்பதைவிட நல்ல பீப்பாயில் 10 வருடம் போதும். புகை விஸ்கி என்றால் வயது ஏற ஏறப் புகையும் மங்கும். லகவூலின் 200-வது வருடத்துக்காக 2016-ல் 8 வருட விஸ்கி ஒன்றை வெளியிட்டார்கள், 48 சதவீதம். அதையும் பேர்பெற்ற 16-ஐயும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். 16 வழுவழுவென்று, பேரீச்சை இனிப்போடு இருக்கும். 8 பச்சையாக, கூர்மையாக, சாம்பல் வாசனையோடு இருக்கும். என் ஓட்டு 8-க்கு. 16-ஐ யாராவது ஊற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கருஞ்சிவப்பாக இருப்பதுதான் நல்ல விஸ்கி என்கிறார் நண்பர்.

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கேரமல் சேர்த்து நிறம் கூட்ட ஸ்காட்ச் சட்டமே அனுமதிக்கிறது. சேர்க்காதவர்கள் பெரும்பாலும் லேபிளில் 'நேச்சுரல் கலர்' என்று போட்டுக்கொள்வார்கள்.

உங்கள் நண்பர், கருஞ்சிவப்பு நிறம் தரும் ஷெர்ரி பீப்பாயின் பிரியராக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஸ்பெயினில் இருந்து ஷெர்ரி பீப்பாயிலேயே பிரிட்டனுக்கு வரும். காலியானதும் விஸ்கிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். 1980-களில் அந்த ஏற்றுமதி நின்றுபோனது. இப்போது வருபவற்றில் பெரும்பாலானவை விஸ்கிக்காகவே செய்து, ஒன்றிரண்டு வருடம் ஷெர்ரி ஊற்றி ஊறவைத்த பீப்பாய்கள். அவற்றில் உலர்திராட்சையும் கிராம்பும் மேலே நின்று, டிஸ்டிலரியின் சொந்த ருசியை அமுக்கிவிடுகின்றன. மசாலா தூக்கலான குழம்பில் மீன் எது என்று தெரியாமல் போவதுபோல. அதனால் நான் போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாய் கட்சி. ஷெர்ரி பீப்பாயில் எனக்கு விதிவிலக்கு கிளென்ஃபார்க்ளாஸ் 15.

கேள்வி: தண்ணீர் சேர்ப்பது பாவமா?

இல்லை. புகை ருசி தரும் குவையகால் போன்ற மூலக்கூறுகள், ஆல்கஹால் அதிகமாக இருந்தால் திரவத்துக்குள்ளேயே தங்கிவிடும், நீர்த்தால் மேற்பரப்புக்கு வரும் என்று ஸ்வீடனில் 2017-ல் கணினியில் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். பீப்பாயில் இருந்து எடுத்துத் தண்ணீர் கலக்காமல் அடைத்த 60 சதவீத 'காஸ்க் ஸ்ட்ரெங்த்' சரக்கைத் தண்ணீர் இல்லாமல் குடித்தால் நாக்கு மரத்துப்போகும். 40 சதவீதத்துக்குச் சில சொட்டு போதும். ஐஸ் போட்டால் வாசனை அடங்கிவிடும், ஆனால் பாட்டில் உங்களுடையது.

கேள்வி: கடைசியில் உங்களுக்குப் பிடித்தது எது? நழுவாமல் சொல்லவும்.

ஸ்பிரிங்பேங்க் 10. ஸ்காட்லாந்தின் கேம்பல்டவுன் ஊரில் பார்லியைத் தரையில் பரப்பி முளைக்கவைப்பதில் தொடங்கி பாட்டிலில் அடைப்பது வரை எல்லாமே அந்த இடத்திலேயே. ஒரு பகுதியை இரண்டு முறையும் இன்னொரு பகுதியை மூன்று முறையும் வடித்துச் சேர்ப்பதால் இரண்டரை வடிப்பு என்பார்கள். முகர்ந்தால் கடல் உப்பு, ஈரச் சாக்கு, இயந்திர எண்ணெய், அடியில் பேரிக்காய். சொன்னால் யாருக்கும் வாயில் வைக்கத் தோன்றாது, குடித்தால் தெரியும். அது கிடைக்காதபோது மெழுகு வழுவழுப்புக்குப் பேர்போன கிளைனலிஷ் 14. வடிப்பைப் பிடித்துவைக்கும் தொட்டியின் உள்சுவரில் படியும் பிசுக்கில் இருந்து அந்த மெழுகுத்தன்மை வருவதால், அதை அங்கே அவசரப்பட்டுத் தேய்த்துக் கழுவ மாட்டார்கள்.

கேள்வி: பாதி பாட்டில் ஒரு வருடமாக அலமாரியில் இருக்கிறது. கெட்டுப்போயிருக்குமா?

கெடாது, காற்றுப்பட்டு வாசனை கொஞ்சம் மந்தமாகியிருக்கலாம். வெயில் படாமல், நிற்கவைத்து வையுங்கள். படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.

கேள்வி: அப்பா பிராந்தி மட்டும்தான் குடிப்பார். அவருக்கு எந்த சிங்கிள் மால்ட் வாங்கித் தரலாம்?

மேலே நான் திட்டிய ஷெர்ரி ஜாதிதான் அவருக்குப் பொருந்தும். கிளென்ட்ரோனக் 12 வாங்குங்கள். ஒலொரோசோ, பெட்ரோ ஹிமனெஸ் ஷெர்ரி பீப்பாய்களில் வைத்தது, புகை துருத்திக்கொண்டு தெரியாது, பிராந்தியின் பழ இனிப்பும் இருக்கும். அவர் சோடா ஊற்றினால் தடுக்காதீர்கள்.