திரையில் நிமிர்ந்து நிற்கும் எழுத்து அச்சில் படுத்துவிடுவது ஏன்?
வரைபடத்தின் ஓரத்தில் 90 டிகிரி திருப்பி வைத்த எழுத்து திரையில் சரியாகத் தெரிகிறது, அச்சடித்தால் மட்டும் கிடைமட்டமாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அதே பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்துத் திறந்து பாருங்கள். அதிலும் தப்பாக இருந்தால் கோளாறு மென்பொருளிலோ எழுத்துருவிலோ இருக்க வாய்ப்பு அதிகம். பிடிஎஃப் சரியாக இருந்து தாள் மட்டும் மாறினால் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். வேறு எதையும் தொடுமுன் இதைச் செய்துவிடுங்கள், பாதி அலைச்சல் மிச்சம்.

சில டிரைவர்கள் நீங்கள் தேர்ந்தெடுத்த ட்ரூடைப் எழுத்துருவுக்கு (கோடுகளால் ஆனது, எந்தக் கோணத்திலும் திருப்பலாம்) பதிலாக, பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் எழுத்துருவைப் போட்டுவிடும். அது எல்லாக் கோணத்திலும் திரும்பும் என்று சொல்ல முடியாது. டிரைவரின் மேம்பட்ட அமைப்புகளில் இந்த மாற்றீட்டை நிறுத்துங்கள். எழுத்தைப் படமாக அச்சிடும் வசதி இருந்தால் அதையும் இயக்கிப் பாருங்கள். அச்சு கொஞ்சம் மெதுவாகும், ஆனால் கோணம் மாறாது. அப்படியும் சரியாகவில்லையா? பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டும் பக்கத்தைப் பிரிண்டருக்கு விவரிக்கும் மொழிகள்; பிசிஎல் டிரைவருக்குப் பதில் போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரைப் போட்டுப் பாருங்கள். பிரிண்டர் அதை ஏற்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுத்துரு பக்கம் வந்தால், விண்டோஸின் பழைய எம்எஸ் சான்ஸ் செரிஃப் புள்ளிகளால் ஆனது, திருப்புவதற்கு ஏற்றதல்ல. ஏரியல் போன்ற ட்ரூடைப் எழுத்துருவுக்கு மாறுங்கள்.

மென்பொருளை எழுதியவரே நீங்கள் என்றால், விண்டோஸில் எழுத்தையும் படத்தையும் வரையும் பகுதியான ஜிடிஐ, எழுத்தின் கோணத்தைப் பத்தில் ஒரு டிகிரியாக எண்ணும் என்பதைக் கவனியுங்கள். 90 டிகிரிக்கு 900 என்று கொடுக்க வேண்டும்.