மூலையில் உட்கார்ந்திருக்கும் டீச்சர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தர விரும்பும் தன்னார்வலர்கள் வெளியே தனிக்கடை போடாமல் பள்ளிக்கூடத்துக்குள் போக வேண்டும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கிலாந்தில், ரெடிங்கில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. என் மகன் படிக்கும் அரசு தொடக்கப்பள்ளியில் செப்டம்பரிலிருந்து கோட் கிளப் என்ற கோடிங் வகுப்பு நடத்துகிறேன். வாரம் ஒரு நாள், பள்ளி விட்டபிறகு ஒரு மணி நேரம். இருபது பிள்ளைகள் போல வருகிறார்கள். கூட இருக்க வேண்டிய டீச்சர் மூலையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறார். யாராவது கத்தினால்தான் தலையை நிமிர்த்துவார். பாதி நாள் லாகின் வேலை செய்யாது. டிசம்பரில் ஒரு நாள் நாடக ஒத்திகை என்று கிளப்பை ரத்து செய்தவர்கள் எனக்குச் சொல்லவே இல்லை. அலுவலகத்தில் அனுமதி கேட்டுச் சீக்கிரம் கிளம்பி வந்து வாசலில் நின்றேன். சம்பளம் இல்லாமல் பிள்ளை பார்த்துக்கொள்ள ஒருவன் கிடைத்தான் என்றுதான் நினைக்கிறார்கள் போல.

சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கிறது, வேறொரு பள்ளியின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து. அங்கே பெற்றோரில் பெரும்பாலானவர்கள் ஐ.டி.தான். 'ஒரு மணி நேரம் கோடிங்கும் சேர்த்துவிடலாமே, ஸ்க்ராட்ச் எல்லாம் வேண்டாம், நேரே பைதான்' என்கிறார்கள். ஸ்க்ராட்ச் என்பது கட்டங்களை இழுத்து ஒட்டி நிரல் செய்யும் சிறுவர் மொழி, பைதான் பெரியவர்கள் எழுத்தில் அடித்து எழுதும் மொழி. பிள்ளைகள் சொந்த லேப்டாப்போடு வருவார்கள், என்னையும் மதிப்பார்கள். மகனின் பள்ளியை விட்டுவிட்டு இங்கே வந்துவிடலாமா? என்னிடம் இருப்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம். அது எங்கே உருப்படியாகப் போகும்?

எஸ்., ரெடிங்

அன்புள்ள எஸ்.,

உங்களை வாசலில் நிற்கவைத்தது தப்பு. ஒரு மின்னஞ்சல் போட அரை நிமிடம் ஆகாது. அந்தக் கோபத்தில் நானும் உங்கள் பக்கம். ஆனால் அந்த டீச்சர் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர் எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். 2014-க்கு முன்பு என்றால், அவர் ஆசிரியப் பயிற்சி எடுத்தபோது இந்தப் பாடமே கிடையாது. அன்றைக்கு இருந்தது ஐ.சி.டி. என்ற தகவல் தொழில்நுட்பப் பாடம். வேர்டில் கடிதம் அடிப்பது, எக்செலில் கட்டம் போடுவது, பவர்பாயின்ட்டில் படம் ஒட்டுவது, பெரும்பாலும் இவ்வளவுதான். 2011 ஆகஸ்டில் எடின்பரோவில் பேசிய எரிக் ஷ்மிட், அப்போது கூகுளின் செயல் தலைவர், பிரிட்டனின் பள்ளிகளில் கணினி அறிவியல் வழக்கமான பாடமாக இல்லையென்று கேள்விப்பட்டுத் திகைத்துப்போனதாகச் சொன்னார். பிபிசி மைக்ரோ என்ற கணினியை 1981-இல் கொண்டுவந்து ஒரு தலைமுறையையே நிரல் எழுதவைத்த நாடு அது. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் வந்து சொன்னதும் எல்லோருக்கும் சுருக்கென்றது. அடுத்த ஜனவரியில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் ஐ.சி.டி. கல்வியைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை வெளியிட்டது. அதே மாதம் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் பழைய பாடத்திட்டத்தைத் தூக்கிவிடுவதாக அறிவித்தார். 2014 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஐந்து வயதுப் பிள்ளையிலிருந்து 'கம்ப்யூட்டிங்' கட்டாயப் பாடமாகிவிட்டது.

அமைச்சருக்கு அறிவிப்போடு வேலை முடிந்தது. வகுப்பில் போய் நிற்க வேண்டியவர் உங்கள் மூலை டீச்சர். தொடக்கப்பள்ளி ஆசிரியர் கணக்கும் ஆங்கிலமும் வரலாறும் விளையாட்டும் ஒருவராகவே எடுப்பவர். அதோடு அல்காரிதம் என்றால் என்ன, பிழை திருத்துவது எப்படி என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு அவர் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். முறையான பயிற்சிக்குப் பெரிய பணம் ஒதுக்கியது 2017 இலையுதிர்கால பட்ஜெட்டில், 84 மில்லியன் பவுண்டு. அதை வைத்துக் கணினிக் கல்விக்கான தேசிய மையம் தொடங்கியது 2018-இல். நடுவில் நான்கு வருடம் அவரவர் சமாளித்துக்கொண்டார்கள்.

நீங்கள் நடத்தும் கோட் கிளப் இந்தக் குழப்பம் தொடங்கிய நேரத்தில் பிறந்ததுதான். 2012 ஏப்ரலில் கிளேர் சட்கிளிஃப், லிண்டா சான்ட்விக் என்ற இரண்டு பெண்கள் ஆரம்பித்தார்கள். நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்கு வாரம் ஒரு மணி நேரம் போக வேண்டும். பாடங்களை எழுதித் தருவது அவர்கள் பொறுப்பு. தொடக்கத்தில் வயது ஒன்பதிலிருந்து பதினொன்று. எளிமையான யோசனை, அதனால் வேகமாகப் பரவியது. ஆனால் இங்கிலாந்தில் அரசு தொடக்கப்பள்ளிகள் மட்டும் 16,000-க்கு மேல். பள்ளிக்கு ஒரு எஸ்.-க்கு எங்கே போவது? 2014-இல் கட்டாயப் பாடம் வந்த அதே சமயம் அவர்கள் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் ஒரு பிரிவையும் தொடங்கினார்கள். அவர்கள் செய்ததிலேயே கெட்டிக்கார வேலை இதுதான் என்பேன். இன்று ஏகப்பட்ட கிளப்புகளை ஆசிரியர்களும் நூலகர்களுமே நடத்துகிறார்கள், நம்மைப் போன்ற ஆட்கள் இல்லாமல்.

உங்கள் கேள்வியின் மறுபாதிக்கு அயர்லாந்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இலவசமாகக் கோடிங் சொல்லித்தந்த கோடர்டோஜோவை, சுருக்கமாக டோஜோவை, பலர் பள்ளிக்கு வெளியே பிறந்த இயக்கம் என்று நினைக்கிறார்கள். அது முளைத்தது பள்ளிக்குள்தான். கார்க் நகரில் ஜேம்ஸ் வெல்டன் என்ற பள்ளி மாணவர் ஐபாட் நானோவை ஹேக் செய்து கொஞ்சம் பெயர் வாங்கினார். கீழ்வகுப்புப் பையன்கள் 'எங்களுக்கும் சொல்லித் தா' என்று சூழ்ந்துகொள்ள, பள்ளியிலேயே ஒரு கணினி கிளப் ஆரம்பித்தார். பிறகு தொழில்முனைவோர் பில் லியாவ் சேர்ந்துகொண்டார், 2011 கோடையில் அது வாரயிறுதிக் கூட்டமாக வெளியே வந்தது. ஏழிலிருந்து பதினேழு வயது வரை, கட்டணம் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. 'எல்லாவற்றுக்கும் மேலாக, கூலாக இரு' என்று ஒரே ஒரு விதி. அயர்லாந்தில் கணினி அறிவியல் பள்ளி இறுதித் தேர்வுக்கான பாடமாக வந்தது 2018-இல், அதுவும் முதலில் 40 பள்ளிகளில். ஏழு வருடம் பதினாறு வயதுப் பையனுக்குப் பள்ளியில் கதவே இல்லாதபோது டோஜோ வெளியே நடந்ததில் ஆச்சரியம் என்ன?

டோஜோவை நான் குறைத்துச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இருந்த காலத்தில் ஒரு நூலகத்தில் நடந்த டோஜோவுக்கு உதவப் போயிருக்கிறேன். அங்கே கிடைக்கும் சுதந்திரம் பள்ளிக்குள் வராது. ஒரு பிள்ளை மூன்று வாரம் ஒரே விளையாட்டின் பூனையைக் குதிக்கவைத்துக்கொண்டிருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு பெற்றோரும் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டால் அப்பாக்களும் சேர்ந்து கற்றுக்கொண்டார்கள். ஆனால் அதே ஏற்பாடுதான் வடிகட்டவும் செய்தது. சனிக்கிழமை சூப்பர்மார்க்கெட்டில் ஷிஃப்ட் பார்க்கும் அம்மா, பிள்ளையோடு இரண்டு மணி நேரம் நூலகத்தில் உட்கார முடியுமா? வந்த பிள்ளைகள் முக்கால்வாசி எங்களைப் போன்ற ஐ.டி.க்காரர்களின் பிள்ளைகள், மிச்சம் பல்கலைக்கழகத்துக்காரர்களின் பிள்ளைகள். நாங்கள் வராவிட்டாலும் அவர்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டிருப்பார்கள்.

பள்ளி விட்டபிறகு நடக்கும் கிளப்பில் பிள்ளை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. யாரும் கூட்டிவர வேண்டாம், தோழி போகிறாள் என்று இவளும் வந்துவிடுவாள். ராயல் சொசைட்டியின் 2017 அறிக்கை, ஜி.சி.எஸ்.இ. என்ற பதினாறு வயதுப் பொதுத்தேர்வில் கணினி அறிவியல் எழுதுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் பெண் என்றது. இங்கிலாந்தின் பள்ளிகளில் பாதிக்கு மேல் அந்தத் தேர்வை வைப்பதே இல்லை என்றும் சொன்னது. கோட் கிளப்பிலோ பெண் பிள்ளைகள் ஐந்தில் இரண்டு பேர் அளவுக்கு வருகிறார்கள். பதினான்கு வயதில் தேர்வுப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒதுங்கிப்போகும் பெண்கள் பத்து வயதில் உங்கள் அறையில் இருக்கிறார்கள். உங்கள் இருபது பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை எண்ணிப் பாருங்கள்.

கிளப்பால் அதிசயம் நடக்கும் என்றும் நம்ப வேண்டாம். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, கிளப்புக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டு என்.எஃப்.இ.ஆர். என்ற கல்வி ஆய்வு நிறுவனம் 2017-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. போனவர்களுக்குக் கோடிங் நன்றாக வந்திருந்தது. ஆனால் சிக்கலைப் பகுத்து யோசிக்கும் திறன், அதாவது எல்லோரும் மேடையில் பேசும் அந்தக் 'கணினிச் சிந்தனை', இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் மாறியிருந்தது. கிளப்புக்குப் போகாத பிள்ளைகளும் பள்ளியில் கம்ப்யூட்டிங் பாடம் படிப்பவர்கள் என்பதை மறக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் விரும்பி வருபவருக்குக் கைப்பழக்கத்தைத் தருகிறது. யோசிக்கப் பழக்குவது வாரம் முழுவதும் கூட இருக்கும் டீச்சரால்தான் ஆகும் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். அவரை மூலையிலிருந்து எழுப்பி ஒரு மேசைக்குக் கொண்டுவந்தீர்கள் என்றால், உங்கள் இருபது பேரைத் தாண்டி அடுத்தடுத்த வருடம் அவர் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் அது போய்ச்சேரும்.

எப்படி எழுப்புவது? உதவி கேளுங்கள். உங்களுக்குக் கோடிங் தெரியும், இருபது பிள்ளைகளை அமைதியாக உட்காரவைக்கத் தெரியாது. அவருக்கு அது தூக்கத்தில் வரும். 'இந்த நான்கு பேர் மட்டும் பின்தங்குகிறார்கள், ஏன் என்று புரியவில்லை, கொஞ்சம் பார்க்கிறீர்களா?' என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் ஒருவனுக்கு வாசிப்பதில் சிரமம், திரையில் இருப்பது அவனுக்கு ஓடவில்லை என்று சொல்லிவிடுவார். அப்புறம் அவரே அவன் பக்கத்தில் உட்காருவார். அந்த வாரத்துத் தாளை இரண்டு நாள் முன்பே அவருக்குக் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் முன்னால் தெரியாதவராக நிற்க யாருக்கும் பிடிக்காது. நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு, பிள்ளை திணறினால் மவுஸைப் பிடுங்கி நாமே முடித்துவிடுவோம். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். இதையும் அந்த டீச்சரைப் பார்த்தே கற்கலாம்.

அவர் அறையில் இருந்தே ஆக வேண்டியது பாதுகாப்பு விதிக்காக. உங்களிடம் டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனைச் சான்றிதழ் இருந்தாலும் பள்ளியின் ஆள் ஒருவர் கூட இருப்பது உங்களுக்கும் நல்லது.

இப்போது தமிழ்ப் பள்ளி. அந்தப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கிடைப்பதே அபூர்வம். அதில் ஒரு மணி நேரத்தைப் பைதானுக்குக் கொடுத்தால் எது சுருங்கும் என்று உங்களுக்கே தெரியும். கோடிங் இங்கிலாந்தில் எங்கே போனாலும் கிடைக்கும், ழகரம் அந்த ஒரு கட்டடத்தில்தான் கிடைக்கும். எட்டு வயதுக்கு ஸ்க்ராட்ச் வேண்டாம், நேரே பைதான் என்கிற பெற்றோரின் அவசரம் பிள்ளையைப் பற்றியதில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றியது.

ஆனாலும் அந்தத் தமிழ்ப் பள்ளியில் உங்களுக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். அவர்களில் பலர் டியூக் ஆஃப் எடின்பரோ என்ற இளைஞர் விருதுக்காகத் தன்னார்வப் பணி தேடிக்கொண்டிருப்பார்கள். அதில் வெண்கல விருதுக்குக் குறைந்தது மூன்று மாதமாவது வாரா வாரம் எங்காவது உதவ வேண்டும். உங்கள் மகனின் பள்ளிக்கு நடந்து வரும் தூரத்தில் படிப்பவர்கள் இரண்டு மூன்று பேராவது தேறுவார்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக் கூட்டிவாருங்கள். கார்க்கில் கீழ்வகுப்புப் பையன்கள் சூழ்ந்துகொண்டதும் ஒரு பள்ளி மாணவரைத்தான். பத்து வயதுப் பிள்ளை நம்மிடம் கேட்கக் கூச்சப்படுவதைப் பதினைந்து வயது அக்காவிடம் தயங்காமல் கேட்கும்.

லாகின் விஷயம் பெரும்பாலும் ஆசிரியர் கையில் இருக்காது. பல பள்ளிகளில் வெளிக் கம்பெனி ஒன்றுதான் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறது. பள்ளி அலுவலகத்தில் அந்தக் கம்பெனி ஆள் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டு, அன்றைக்குப் பத்து நிமிடம் அவரோடு பேசுங்கள். நெட் இல்லாமலே ஓடும் ஸ்க்ராட்ச்சைப் போட்டுத் தரச் சொல்லுங்கள், பாதித் தலைவலி தீரும். டிசம்பரில் முதல் வாரத்தோடு கிளப்பை நீங்களாகவே நிறுத்திவிட்டு ஜனவரியில் தொடங்குங்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தோடு போட்டி போட்டு எந்தத் தன்னார்வலரும் ஜெயித்ததில்லை.