கூண்டுக்குள் கொய்யாக் கிளை

கேள்வி: எங்கள் லவ் பேர்ட்ஸ் கூண்டில் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிதான் இருக்கிறது. கொய்யாக் கிளை வைக்கலாமா?

பதில்: தாராளமாக வையுங்கள். ஒரே பருமனுள்ள குச்சியில் நாள் முழுக்க நின்றால் பாதத்தில் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகிவிடும், அதனால் அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று ஏறி இறங்கும் கிளைதான் நல்லது. கொய்யா, வேம்பு இரண்டும் சரி, ஆனால் அரளி வேண்டவே வேண்டாம், அது விஷம். பூச்சிமருந்து அடித்த மரத்தையும் தொடாதீர்கள். வெட்டிய கிளையைச் சோப்பு போடாமல், கொதிநீர் ஊற்றி நார் பிரஷ்ஷால் கணுக்கணுவாகத் தேய்த்து, ஈரம் துளியும் இல்லாமல் வெயிலில் காயவிடுங்கள். பட்டையை உரிக்காதீர்கள், கொறிக்கப் பறவைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம், தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், எச்சம் விழும். எச்சம் ஒட்டினால் சுரண்டி, இதேபோல் கழுவிக் காயவைத்தால் போதும், பூஞ்சை பிடித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.